களிம்பேறிய கம்பிகள்

செப்புக் குடம் ஒன்றைப் பரணில் ஏற்றிவிட்டுப் பத்து வருஷம் கழித்து இறக்கிப் பார்த்தால் அது எப்படி இருக்கும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு நன்றாகத் தெரியும். பச்சை நிறக் களிம்பு எங்கும் படர்ந்திருக்கும். அதற்காகக் குடமே கெட்டுப்போயிற்று என்று எவரும் அதைத் தெருவில் எறிந்துவிடுவதில்லை. கொஞ்சம் புளியும் சாம்பலும் எடுத்துத் தேய்க்கிறார்கள். உள்ளே இருந்த செம்பு பழைய நிறத்தோடு வெளிப்படுகிறது. ஆன்மாவைப் பற்றியிருக்கும் மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் செம்பிற் களிம்பையே உவமையாகக் கொண்டார்கள். தாமிரத்தின் பெயரைத் தாங்கி ஓடும் தாமிரபரணிக் கரையில் வாழ்கிறவர்களுக்கு அந்த உவமையை விளக்கவேண்டிய அவசியமில்லை.

ஆனால் அதே செம்பு மெல்லிய கம்பியாகி ஒரு மோட்டார் சைக்கிளின் உடம்புக்குள் ஓடும்போது மட்டும் நம்முடைய பொறுமை எங்கோ போய்விடுகிறது. அம்பாசமுத்திரத்திலும், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியிலும், பழைய வீடுகளின் பின்கட்டில் சாக்குப் போர்த்தியபடி நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் உண்டு. தகப்பனாரோ பெரியப்பாவோ ஓட்டிய வண்டி. அவருக்குப் பின் எடுப்பார் இல்லாமல் நின்றுபோனது. இப்போது பேரனுக்கு அதை மீண்டும் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று ஆசை பிறக்கிறது. எஞ்சினைக் கழற்றித் துடைக்கிறார்கள். சக்கரங்களுக்குப் புதிய டயர் போடுகிறார்கள். பளபளவென்று வர்ணம் பூசுகிறார்கள். எல்லாம் முடிந்தபின் ஸ்விட்சைத் திருப்பினால் விளக்கு எரியவில்லை. எரிந்தாலும் மின்மினிப் பூச்சியைப்போல மினுக்குகிறது. அங்கேதான் பெரும்பாலான முயற்சிகள் நின்றுவிடுகின்றன.

எஞ்சினுக்கு அஞ்சாதவர்களும் கம்பிகளுக்கு அஞ்சுகிறார்கள். காரணம் எளிது. எஞ்சினில் தேய்ந்தது எது, உடைந்தது எது என்று கண்ணால் பார்க்கலாம். கம்பியில் ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததை மனிதன் ஊகிக்கத் தொடங்குகிறான். ஊகிக்கத் தொடங்கியவன் ஒன்றைச் சரிசெய்யப் போய் மூன்றைக் கெடுக்கிறான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒரே ஒரு விஷயம்: கம்பிகளை ஊகிக்கக் கூடாது, படிக்கவேண்டும். ஏட்டைப் படிப்பதுபோலவே அதற்கும் ஒரு முறை உண்டு.

திருவொற்றியூரில் பிறந்த வண்டி

நம் பக்கத்தில் இவ்வாறு நிற்கும் வண்டிகளில் அநேகம் ‘புல்லட்’ இனத்தைச் சேர்ந்தவை. அதன் சரித்திரம் சுவையானது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு ஸ்தாபனமும் சென்னையிலிருந்த மதராஸ் மோட்டார்ஸ் ஸ்தாபனமும் கூடி, 1955-ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியை ஏற்படுத்தின. நமது ராணுவத்துக்கு 350 சி.சி. புல்லட் தேவைப்பட்டதே அதற்குத் தூண்டுகோலாயிற்று. ஆரம்பத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைச் சென்னையில் பூட்டினார்கள்; சில ஆண்டுகளில் உறுப்புகளும் இங்கேயே உற்பத்தியாகத் தொடங்கின. 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. மூலமரம் சாய்ந்த பிறகும் திருவொற்றியூரில் நட்ட கிளை தழைத்தது. பின்னர் இங்கே செய்த புல்லட்டுகளே கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய் விற்பனையாயின என்றால் அதில் நாம் கொஞ்சம் பெருமைப்படலாம்.

மின்சாரச் சாமான்களின் கதையும் இப்படியே. பிரிட்டிஷ் மோட்டார் வாகனங்கள் பெரும்பாலானவற்றுக்கு டைனமோவும் ஸ்விட்சும் விளக்கும் செய்து கொடுத்தது லூகாஸ் கம்பெனி. 1961-இல் டி.வி.எஸ். குழுவினருடன் சேர்ந்து அதுவும் சென்னையில் வேரூன்றியது. எனவே பழைய புல்லட் ஒன்றின் கம்பிகளைப் பிரித்துப் பார்ப்பவர், அறுபது வருஷத்து இந்தியத் தொழில் வளர்ச்சியையே பிரித்துப் பார்க்கிறார் என்று சொல்லலாம்.

வாய்க்காலும் வடிகாலும்

மின்சாரம் ஓடும் வழியைப் புரிந்துகொள்ள அம்பாசமுத்திரத்துக்காரர்களுக்கு வேறு பாடம் வேண்டாம். தாமிரபரணியில் அணைக்கட்டு, அங்கிருந்து பிரிந்து வரும் நதியுண்ணிக் கால்வாய், கால்வாயிலிருந்து மடை, மடை திறந்தால் வயலுக்கு நீர், வயலில் மிஞ்சியது வடிகால் வழியாக மீண்டும் ஆற்றுக்கு. மோட்டார் சைக்கிளிலும் இதுவே ஏற்பாடு. பாட்டரி அணைக்கட்டு, பெரிய கம்பி கால்வாய், ஸ்விட்சு மடை, விளக்கும் ஹாரனும் வயல்கள். 1944-ஆம் ஆண்டு முதல் பாபநாசத்தில் அதே ஆற்று நீர் மின்சாரமும் தருவதால் இந்த ஒப்புமை நம் ஊரில் இன்னும் பொருத்தமாகிறது.

வித்தியாசம் ஒன்றே. வயலுக்கு வடிகால் அடைபட்டிருந்தாலும் மடை திறந்தால் நீர் பாயும். மின்சாரம் அப்படியன்று; திரும்பிச் செல்ல வழியில்லையென்றால் புறப்படவே மாட்டாது. அந்தத் திரும்பும் வழி எது? அதற்கென்று தனிக் கம்பி பெரும்பாலும் கிடையாது. வண்டியின் இரும்புச் சட்டமே வடிகால். பாட்டரியின் ஒரு முனையைச் சட்டத்தோடு பூட்டிவிடுகிறார்கள். விளக்கின் ஒரு முனையும் சட்டத்தைத் தொடுகிறது. இதைத்தான் தொழிலாளர்கள் ‘எர்த்’ என்கிறார்கள்.

புதிதாக வர்ணம் பூசிய வண்டியில் விளக்கு எரியாததன் ரகசியம் இதுவே. வர்ணம் மின்சாரத்தைக் கடத்தாது. சட்டத்தின் மேல் கண்ணாடிபோல் வர்ணம் படிந்தபின் அதன்மேல் எர்த் கம்பியைத் திருகினால் வடிகாலை மண்போட்டு மூடியதற்குச் சமானம். அந்தத் திருகாணி உட்காரும் இடத்தில் மட்டும் வர்ணத்தைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பு தெரியும்படி செய்து, திருகி இறுக்கியபின் கொஞ்சம் கிரீஸைத் தடவிவிட்டால் போதும். நூற்றுக்கணக்கில் பணம் செலவழித்துத் தேடும் கோளாறு பல சமயங்களில் ஒரு காசளவு இடத்து வர்ணத்தில் ஒளிந்திருக்கிறது.

கம்பிகளின் பகைவர்கள்

ஆனி ஆடி மாதங்களில் மலையிலிருந்து இறங்கும் சாரல். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. இரண்டு பருவமழையையும் காணும் பூமி நம்முடையது. மூடிவைத்த வண்டிக்குள் அந்த ஈரம் புகுந்து உட்காருகிறது. இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. அடுத்த பகைவன் எலி. நெல் இருக்கும் வீட்டில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்தில் கம்பியின் மேலுறை தப்பாது. மூன்றாவது, பாட்டரியிலிருந்து கசிந்த திராவகம். அது பாட்டரிப் பெட்டியை மட்டுமல்லாமல் அருகிலுள்ள கம்பி முனைகளையும் அரித்துவிடுகிறது. நான்காவது காலம். பழைய வண்டிகளில் கம்பிக்கு ரப்பர் உறை போட்டு அதன்மேல் பருத்தி நூல் பின்னியிருப்பார்கள். அந்த ரப்பர் வயதானால் பொடிந்து உதிரும். பிற்காலத்துப் பிளாஸ்டிக் உறை உதிராது. ஆனால் விறைத்துப்போய், வளைத்த இடத்தில் வெடிக்கும்.

ரப்பரில் கலந்துள்ள கந்தகம் செம்பைக் கறுக்கவைக்கும். அதனால்தான் பழைய கம்பிகளில் செம்பு இழைகளுக்கு வெள்ளீயப் பூச்சுக் கொடுத்தார்கள். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைப்பதற்குமுன் ஈயம் பூசிக்கொள்ளும் நம் வீட்டு வழக்கத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

இந்த நால்வரையும்விடப் பொல்லாத ஐந்தாவது பகைவன் ஒருவன் உண்டு. அவன் உதவி செய்ய வந்தவன்! வழியில் விளக்கு அணைந்தது; அகப்பட்ட கம்பித் துண்டு ஒன்றை முறுக்கிச் சேர்த்து, துணி நாடாவைச் சுற்றி அனுப்பிவிட்டான் ஒருவன். அடுத்த வருஷம் ஹாரன் ஒலிக்கவில்லை. வேறொருவன் வேறொரு நிறக் கம்பியை வேறொரு வழியாகக் கொண்டுபோனான். அந்தச் சமயத்தில் அவை செய்த உபகாரம் வாஸ்தவந்தான். ஆனால் முப்பது வருஷத்து உபகாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தபின் எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது ஒருவருக்கும் தெரியாமல் போகிறது. புல்லட்டில் அம்மீட்டர் தலைவிளக்குக் கூட்டிலேயே பதிந்திருக்கும். ஆகவே கம்பிகளெல்லாம் அந்தக் கூட்டுக்குள்தான் கூடுகின்றன. விளக்கின் முகப்பைக் கழற்றி உள்ளே பார்ப்பவருக்குக் குருவிக்கூடு நினைவுக்கு வரும்.

முதலில் காகிதம், பிறகு கத்தரி

இந்த நிலையில் கத்தரியை எடுத்து எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிடத் தோன்றும். அது கூடாது. முதலில் செய்யவேண்டியது பழைய பாட்டரியைக் கழற்றி அப்புறப்படுத்துவது. வருஷக்கணக்கில் நின்ற பாட்டரியின் தகடுகளில் ஈய உப்புப் படிந்து உறைந்துபோயிருக்கும். அதை உயிர்ப்பிக்கும் முயற்சி வீண். இரண்டாவது, ஒரு பெரிய காகிதமும் பென்ஸிலும் எடுத்துக்கொண்டு உட்காருவது. ஒவ்வொரு கம்பியும் எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறது என்பதை வரைய வேண்டும். கழற்றும் ஒவ்வொரு முனையிலும் ஒரு சீட்டைக் கட்டி எண் எழுதவேண்டும். இன்று எல்லோர் கையிலும் புகைப்படக் கருவி இருப்பதால் படமும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் படம் எடுப்பது வேறு, வரைவது வேறு. வரையும்போதுதான் மனம் கேள்வி கேட்கிறது. வகுப்பில் பிள்ளைகளைத் தேசப்படம் வரையச் சொல்வதும் இதற்காகத்தான்.

கம்பியின் நிறம் வழிகாட்டும். தலைவிளக்குக்கு நீலம், அதிலும் தூர வெளிச்சத்துக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு, தாழ்ந்த வெளிச்சத்துக்கு நீலத்தில் சிவப்புக் கோடு என்பது பிரிட்டிஷ் வழக்கம். ஆயினும் நிறத்தை முழுதும் நம்புவதற்கில்லை. வெயிலிலும் எண்ணெயிலும் நீலம் கறுப்பாகியிருக்கும். முன்சொன்ன உபகாரிகள் கைக்குக் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள். ஆகவே இரு முனைக்கும் நடுவே தொடர்பு இருக்கிறதா என்பதை மீட்டர் வைத்துச் சோதித்தே தீர்மானிக்கவேண்டும்.

அடுத்த கேள்வி: எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது? இதற்கு எளிய பரீட்சை உண்டு. கம்பியை விரலில் சுற்றி வளைத்துப் பார்க்க வேண்டும். உறை வெடித்தால் அந்தக் கம்பி போகவேண்டியதே. அதில் தாட்சண்யம் கூடாது. உறை நன்றாயிருந்தால் முனையைக் கொஞ்சம் வெட்டி உள்ளே செம்பைப் பார்க்க வேண்டும். பளபளப்பாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். முனையில் மட்டும் களிம்பு என்றால் அந்த அளவை வெட்டிப் புது முனை போடலாம். உள்ளே நெடுகக் கறுத்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

இங்கே வீட்டுப் பழக்கம் ஒன்றை எச்சரிக்கவேண்டியிருக்கிறது. குடத்துக்குப் புளி நல்லது, கம்பிக்கு ஆகாது. குடத்தைப் பின்னால் கழுவிவிடுகிறோம். கம்பி இழைகளுக்குள் புகுந்த புளிப்பை எப்படிக் கழுவுவது? அது உள்ளேயே இருந்து மறுபடி அரிக்கும். மென்மையான உப்புத்தாளே இதற்கு ஏற்றது.

பழைய வண்டிகளில் கம்பியோடு கம்பி சேர்வது, முனையில் சிறு பித்தளைக் குமிழ் பொருத்தி அதைக் குழாய்போன்ற கூட்டுக்குள் அழுத்துவதால். அந்தக் குமிழுக்கும் ‘புல்லட்’ என்றே பெயர்! புல்லட்டின் நோய் பெரும்பாலும் புல்லட்டில்தான் இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் மண்ணுக்கடியில் கிடந்த வெண்கலப் பொருள்களை எழும்பூர்க் காட்சிச்சாலையில் பார்த்தவர்களுக்குச் செம்பு எவ்வளவு காலம் தாங்கும் என்பது தெரியும். கெடுவது பெரும்பாலும் கம்பியின் நடு அன்று. ஒன்றோடொன்று சேரும் இடமே.

ஒரு சிறு கணக்கு

சேரும் இடத்துக் களிம்பு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய வண்டிகளில் மின்னழுத்தம் 6 வோல்ட். 30 வாட் தலைவிளக்குக்கு 5 ஆம்பியர் ஓடவேண்டும். வழியில் ஓர் இணைப்பில் களிம்பினால் 0.2 ஓம் தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த ஓர் இடத்தில் ஏறத்தாழ ஒரு வோல்ட் விழுங்கப்படுகிறது. விளக்குக்குக் கிடைப்பது ஐந்துதான். ஆறில் ஒரு பங்குதானே குறைந்தது என்று அலட்சியம் செய்யக் கூடாது. இழைவிளக்கின் வெளிச்சம் மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறையும் சுபாவமுடையது. மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே போய்விடும். பிற்காலத்து 12 வோல்ட் வண்டியில் அதே வாட் விளக்குக்குப் பாதி ஆம்பியர்தான் ஓடும். ஆகவே அதே களிம்பு அங்கே அவ்வளவு கெடுதல் செய்யாது. “ஆறு வோல்ட் வண்டிக்கு வெளிச்சம் இராது” என்று ஊரார் சொல்லும் பழி பெரும்பாலும் களிம்பைச் சேர்ந்தது.

இன்னொரு விந்தை. சில வண்டிகளில் பிரேக்கை மிதித்தால் பின்னால் எரியவேண்டிய விளக்கு மங்கலாக இருக்கும். முன்னால் உள்ள சிறு விளக்குகள் தாமாக மினுக்கும்! பேய் பிடித்தாற்போலத் தோன்றும். பின்விளக்குக் குமிழியில் இரண்டு இழைகள் உண்டு: ஒன்று சாதாரண வெளிச்சத்துக்கு, மற்றது பிரேக்குக்கு. இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அந்த எர்த் அறுந்துபோனால், பிரேக் இழைக்கு வந்த மின்சாரம் திரும்ப வழி காணாமல் மற்ற இழைக்குள் புகுந்து, அதன் கம்பி வழியே எதிர்த்துச் சென்று, முன்விளக்குகளின் எர்த்தைத் தேடிப் போகிறது. வடிகால் அடைபட்டால் ஒருவர் வயல் நீர் எதிரேறி அடுத்தவர் வயலில் நிற்பதை நாம் பார்த்ததில்லையா? முன்விளக்கைக் கழற்றித் தேடுகிறவர் அதில் ஒன்றும் காணமாட்டார். கோளாறு தெரியும் இடம் வேறு, இருக்கும் இடம் வேறு.

முதல் மின்சாரம்

எல்லாம் பூட்டியபின் பாட்டரியை இணைக்கும் நேரமே அபாயமான நேரம். ஆறு வோல்ட் மனிதனை அதிரச் செய்யாது. அதனால் பலர் அதை ஏளனமாக நினைக்கிறார்கள். ஆனால் உறை உரிந்த கம்பி சட்டத்தில் பட்டுவிட்டால் அதே பாட்டரி கம்பியை நெருப்பாகச் சிவக்கவைக்கும். அதற்கு நேர் மேலே இருப்பது பெட்ரோல் தொட்டி! அந்தப் பெரும் பொறுப்பை மறந்து வேலை செய்கிறவர் வண்டியை மட்டுமல்ல, அதில் ஏறப்போகும் பிள்ளையையும் பணயம் வைக்கிறார்.

ஆகையால் பாட்டரிக்கும் கம்பிகளுக்கும் நடுவே ஒரு தலைவிளக்குக் குமிழியைக் கோத்து இணைக்க வேண்டும். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்கையில் அந்தக் குமிழி எரியக் கூடாது. பிரகாசமாக எரிந்தால் எங்கோ கம்பி சட்டத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். ஓடும் மின்சாரத்துக்குக் குமிழியே அளவு வகுத்துவிடுவதால் ஒன்றும் கருகாது, நிதானமாகத் தேடலாம். குற்றமில்லை என்று கண்டபிறகே குமிழியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பியூஸை நிரந்தரமாக வைக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பியூஸே கிடையாது. பழமையைக் காக்கவேண்டும் என்கிறவர்களும் இந்த ஒரு புதுமையை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்கு முன்பு பாட்டரியின் எந்த முனை சட்டத்துக்குப் போகிறது என்று உறுதிசெய்துகொள்வதும் அவசியம். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் அநேகத்தில் நேர்முனையைச் சட்டத்தில் பூட்டினார்கள்; இன்றைய வண்டிகளில் எதிர்முனை. மாற்றிப் பூட்டினால், ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் ரெக்டிஃபயர் ஒரு நொடியில் பாழாகும்.

பிறகு விளக்கைப் போட்டால் அம்மீட்டர் முள் செலவுப் பக்கம் சாயவேண்டும்; எஞ்சினை ஓட்டி வேகம் கூட்டினால் வரவுப் பக்கம் திரும்பவேண்டும். வரவு செலவுக் கணக்கை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் குமாஸ்தா வேறு எங்கும் கிடைக்கமாட்டான்.

எதற்கு இவ்வளவு?

கடையில் புதிய கம்பித் தொகுதி முழுவதுமாகக் கிடைக்கிறது. வாங்கிப் பூட்டினால் முடிந்தது, எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பழைய கம்பி முழுதும் பொடிந்திருந்தால் அதுவே சரி. ஆனால் புதிய தொகுதியும் அதே பழைய சட்டத்தில்தான் எர்த் ஆகவேண்டும். அதே பழைய ஸ்விட்சில்தான் சேரவேண்டும். வழியை அறியாதவருக்குப் புதிய கம்பியும் பழைய சிக்கலே. அறிந்தவருக்கோ, மழை இரவில் மணிமுத்தாறு ரஸ்தாவில் விளக்கு அணைந்துபோனாலும், எங்கே கை வைக்கவேண்டும் என்பது தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளியில் மின்சுற்றைப் பாடமாகப் படிக்கிறார்கள். பரீட்சையில் வரைந்து மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால் வீட்டில் பியூஸ் போனால் ஆளைத் தேடுகிறார்கள். படிப்புக்கும் கைக்கும் இடையே உள்ள இணைப்பிலும் களிம்பு ஏறியிருக்கிறது. தாத்தாவின் மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்து, காகிதத்தில் வரைந்து, ஒரு விளக்கை எரியவைத்த சிறுவனுக்கு அந்தப் பாடம் ஆயுள் முழுதும் மறவாது. சிறுமிக்கும் அப்படியே.

வேலை முடிந்தபின் செய்யவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. பென்ஸிலில் வரைந்த அந்தப் படத்தை மையினால் தெளிவாக எழுதி, எந்த நிறம் எங்கே போகிறது, எர்த் எங்கெங்கே பூட்டியிருக்கிறது, பியூஸ் எத்தனை ஆம்பியர், எந்தத் தேதியில் முடித்தது என்று குறித்து, ஈரம் புகாத உறையில் போட்டு, வண்டியின் ஆயுதப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். இன்னும் முப்பது வருஷம் கழித்து யாரோ ஒருவர் அந்தப் பெட்டியைத் திறப்பார். அவர் ஊகிக்கவேண்டியதில்லை, படித்துக்கொள்ளலாம்.